மூணும் எரியுதுங்களா மாப்ள?

மருதமலைக்குப் போய்விட்டு வடவள்ளிக்குத் திரும்பும்போதுதான் அது முதல் தடவையாக எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மஞ்சளாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம். விபூதிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அதென்ன மோட்டார் பம்பு எரியுது?" என்றாள்.

கோயமுத்தூரில் பிறந்த கண்ணுக்கு அது மோனோபிளாக் பம்பாகத்தான் தெரியும். மேலே ஒரு மூடி, பக்கத்தில் ஒரு குழாய், நடுவில் குண்டு உடம்பு. இந்த ஊர்ப் பட்டறைகள் எத்தனையோ வருஷமாக வார்த்துத் தள்ளுகிற சரக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "மோட்டார் நல்லா ஓடுதுன்னு காட்டுதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் சந்தோஷமாக ஓட்டி வந்தேன்.

அது பம்பு இல்லை, எஞ்சின் என்று எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் பையன் சொன்னான். "செக் எஞ்சின் லைட்டுங்க அங்கிள். ரெண்டாயிரமும் ஆகலாம், இருபதாயிரமும் ஆகலாம்" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டான். நான் அன்றிரவு தூங்கவில்லை.

வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது பிரிக்கால். 1975 முதல் நாட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகளுக்கு மீட்டர் போர்டு செய்துகொடுக்கிற கம்பெனி. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ஷிப்டுக்குப் போய் வந்திருப்பார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, மீட்டர் போர்டு படிக்கத் தெரியாமல் ஐம்பது வயது வரை ஓட்டிவிட்டேன். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கை விளக்குகளுக்கு 'முட்டாள் விளக்கு' என்று செல்லப் பெயர் உண்டாம். முட்டாளுக்கும் புரியும் என்ற அர்த்தத்தில் வைத்திருப்பார்கள். என்னைக் கணக்கில் சேர்க்காமல் வைத்த பெயர்.

கோயமுத்தூரில் ஒரு வசதி, யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கொரு 'நமக்கு வேண்டப்பட்ட பட்டறை' இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் விடச் சொன்னார். மச்சான், அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த மாமனார், காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த விளக்கையே பார்த்தார்.

"எரியறதுக்கு ஏனுங் மாப்ள பயப்படறீங்க? அணைஞ்சாத்தான பயப்படோணும்?"

அவர் ஞாயம் மோட்டார் ரூம் ஞாயம். கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே மூன்று பல்பு, மூன்று பேஸுக்கு. மூன்றும் எரிந்தால் ஸ்டார்ட்டரைத் தட்டலாம். ஒன்று அணைந்திருக்கும்போது தட்டினால் மோட்டார் உறுமும், சூடாகும், காயில் கருகும். அப்புறம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்கு அலைய வேண்டும். ஐம்பது வருஷம் விடியற்காலையில் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, அந்த மூன்று பல்பைப் பார்த்தவர். எரிகிற விளக்கைக் கெட்ட சகுனம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனாலும் நான் படிக்க உட்கார்ந்தேன். கார் வாங்கின நாளிலிருந்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். இந்தப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று உலகப் பொதுத் தரமே இருக்கிறது. நிறம் சிக்னல் கணக்கு. சிவப்பு என்றால் ஓரங்கட்டி நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் சும்மா தகவல். கைவிளக்கு மாதிரி மூக்கு நீண்டு சொட்டு விழும் சிவப்புப் படம் எண்ணெயின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரிந்தால் 'வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது, எஞ்சின் ஜாம் ஆகிவிடும். பேட்டரிப் படம் எரிந்தால் பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பில்லை, அதற்குச் சார்ஜ் போகவில்லை என்று பொருள். ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும்.

என் மோட்டார் பம்பின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். அது பிறந்தது எஞ்சின் மேல் உள்ள அக்கறையில் இல்லை, காற்றின் மேல் உள்ள அக்கறையில். லாஸ் ஏஞ்சல்ஸ் புகையில் மூச்சு முட்டிய கலிஃபோர்னியாக்காரர்கள், வண்டியே தன் புகையைக் கண்காணித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும் என்று சட்டம் போட்டார்கள். 1996-ல் அமெரிக்கா முழுக்க எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்தக் கண்காணிப்பு ஏற்பாட்டின் இரண்டாம் கட்டமான ஓபிடி 2 கட்டாயமானது. நம் நாட்டில் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் கைவிட்டால் 16 பின் உள்ள ஒரு பொந்து தட்டுப்படும். வண்டி வாக்குமூலம் கொடுக்கிற வாய் அதுதான்.

இதையெல்லாம் படித்ததோடு நிறுத்தியிருந்தால் பிரச்சினையே இல்லை. எனக்கு ஏற்கெனவே ஒரு வெற்றி கிடைத்திருந்தது, வினை அதில்தான் இருந்தது. போன வருஷம் ஆயில் மாற்றிய பட்டறையில் சர்வீஸ் விளக்கை ரீசெட் செய்ய மறந்துவிட்டார்கள். ஸ்பேனர் படம் எரிந்துகொண்டே இருந்தது. அது வியாதி சொல்கிற விளக்கே இல்லை, தினசரிக் காலண்டர். இத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, ஆயில் மாற்று என்று எண்ணிச் சொல்வதோடு சரி. ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, எண்கள் சிமிட்டி முடிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அணைந்தது. அன்று முதல் வீட்டில் மிக்ஸி நின்றாலும் நான்தான் பார்க்கிறேன்.

அந்தத் திமிரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கினேன். 900 ரூபாய். பொந்தில் சொருகி, போனில் பார்த்தால் 'பி0135' என்று ஒரு கோளாறுக் கோடு நம்பர் வந்தது. கீழேயே ஒரு பட்டன், 'கிளியர்'. மனிதனுக்கு முன்னால் இப்படி ஒரு பட்டனை வைத்தால் என்ன செய்வான்? அழுத்தினேன். பம்பு அணைந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குப் போயி ராத்திரி பூரா பெரண்டு பெரண்டு படுத்தீங்களா?" என்றாள்.

நான்கு நாள் கழித்து மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். மூன்று நாள். அழித்தேன். இரண்டு நாள். இப்படி ஐந்து தடவை. பல் துலக்குவது மாதிரி காலைக் கடமையாகிவிட்டது. ஆறாம் முறை சலித்துப்போய், அழித்த கையோடு கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, ஒரு கையில் 12 நம்பர் ஸ்பேனர், இன்னொரு கையில் லேப்டாப். சொருகிப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஏனுங்ணா, யாரு இதை அழிச்சது?"

"நான்தான் தம்பி. சுத்தமா இருக்கட்டும்னு..."

"கொலை நடந்த ஊட்டைக் கழுவி உட்டுப்போட்டு போலீசுக்குப் போன் பண்ணியிருக்கறீங்கணா."

பிறகு பொறுமையாக விளக்கினார். விளக்கு எரியும்போது, அந்த நிமிஷத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று என்று வண்டி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும். மெக்கானிக்குக் கோடு நம்பரைவிட அந்தப் போட்டோதான் பெரிசு. கிளியர் அமுக்கினால் நம்பரோடு போட்டோவும் போய்விடும். வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்த கணக்கும் போய், முதலிலிருந்து ஆரம்பிக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் இதே கதிதான்.

"இப்ப என்ன பண்றது தம்பி?"

"ஓட்டுங்ணா. மறுக்கா எரிஞ்சா, கையே வெக்காம நேரா இங்க வாங்க."

எப்படா அணையும் என்று ஒரு மாதம் தவித்தவன், எப்படா எரியும் என்று கிளம்பினேன். பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, மாமனாரையும் ஏற்றிக்கொண்டு, தொண்டாமுத்தூர் வழியாகப் பூண்டி வரை போனேன். எரியவில்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். எரியவில்லை. பல கோளாறுகளை வண்டி ஒரு தடவை பார்த்ததும் சொல்லிவிடாது, அடுத்த ஓட்டத்திலும் பார்த்து உறுதி செய்த பிறகே விளக்கைப் போடும். நம் ஊரில் பெண் பார்க்கப் போகிற பெரியவர்களைப் போல. அது தெரிந்திருந்தும் சும்மா இருக்க முடியவில்லை. மேடு பள்ளம் பார்த்து வேண்டுமென்றே ஏற்றி இறக்கினேன். மாமனார் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எளநி ஏத்தற லாரியில கூட இப்பிடி வந்ததில்லீங் மாப்ள" என்றார்.

மறுநாள் பேரூர்க் கோயிலைத் தாண்டி ஒரு வேகத்தடையில் தடக்கென்று இறங்கியபோது பம்பு எரிந்தது. "எரிஞ்சுருச்சு!" என்று கத்தினேன். மாமனார் கும்பிட்டார். மனைவிக்குப் போன் போட்டு, "எரிஞ்சிருச்சு, எரிஞ்சிருச்சு!" என்றால், அவள் "ஐயோ, எதுங்க? காருங்களா?" என்று அலறினாள்.

இந்த முறை போட்டோ பத்திரமாக இருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, உள்ளே கைவிட்டு ஒரு வயரை இழுத்துக் காட்டினார். புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குப் போகிற வயர். அந்தச் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகச் சொல்லும், அதனால் உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருப்பார்கள். ஹீட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பியின் தோல் உரிந்து, உள்ளே இரண்டே இழை மிச்சமிருந்தது. வண்டி குலுங்கினால் தொடர்பு விடும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே சாட்சிகள்: கொஞ்சம் கடலைக்காய்த் தொலி, ஒரு கொய்யாப் பிஞ்சு, என் மகளின் பழைய ஹேர்பேண்ட்.

"எலிங்ணா. பக்கத்துல காலி சைட் இருக்குதுங்களா?"

இருக்கிறது. நான்தான் அந்தச் சைட்டில் கொய்யா மரம் வைத்தேன்.

வயரைச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, சுற்றிக் கட்ட 600 ரூபாய். ஸ்கேனருக்கு 900, விளக்கை எரியவைக்கப் பெட்ரோலுக்கு 1,500. பணம் கொடுக்கும்போது கவனித்தேன், பம்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. என் விரல் தன்னால் ஸ்கேனர் இருக்கும் பையைத் தேடியது.

"அதைத் தொடாதீங்ணா" என்றார் தம்பி. "நானும் அழிக்கலீங்க. நெசமாலுமே செரியாயிருந்தா, மூணு ஓட்டம் ஒழுங்கா ஓடுச்சுன்னா அதே அணைச்சுக்கும். மஞ்சளா நின்னு எரியற வரைக்கும் பயமில்லீங்க. சிமிட்டுச்சுன்னா மட்டும் ஓட்டாதீங்க. பெட்ரோல் எரியாம சைலன்சருக்குப் போகுதுன்னு அர்த்தம், கன்வெர்ட்டர் வெந்துரும்." அதற்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும் என்று அவர் சொன்னதும், மனைவியின் நகையைவிட அந்தச் சைலன்சரின் மேல் எனக்கு அதிக மரியாதை வந்தது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். சாவியை ஆன் செய்ததும் எல்லா எச்சரிக்கை விளக்கும் சில வினாடி எரிய வேண்டும், பல்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பழைய கார் விற்கும் சில கில்லாடிகள் இந்த பல்பையே பிடுங்கிவிடுவார்களாம். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளையைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், காரை மட்டும் பெயின்ட் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

மாமனார் தன் பங்குக்குப் புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் மூன்று இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். எலி போயிற்றா தெரியாது. ஏசி போட்டால் கார் முழுக்கச் சந்தை வாசம்.

மூன்று ஓட்டம் முடிந்து நான்காம் நாள் காலை. மாமனாரைச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் விட வேண்டும். சாவியைத் திருப்பினேன். பம்பு, கைவிளக்கு, பேட்டரி, எல்லாம் ஒரு சேர எரிந்தன. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து, விரல் விட்டு எண்ணினார்.

"எல்லாம் எரியுதுங் மாப்ள. கரண்ட் பூரா வந்திருச்சு. தட்டுங்க."

தட்டினேன். எஞ்சின் பிடித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக, ஒரு மாதமாக என்னை ஆட்டிவைத்த பம்பும் அணைந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாமனார் என் கையைப் பிடித்தார்.

"பேஸ் போயிருச்சுங் மாப்ள. ஆப் பண்ணுங்க, காயில் போயிரும்."