வீட்டு பிளானை வெற்றிகரமாகத் தொலைப்பது எப்படி?

தேவதானப்பட்டி, காட்ரோடு, பெரியகுளம் வட்டாரத்தில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்தக் கையேடு. ஆட்டோகேடில் பிளான் போடச் சொல்லித்தர ஆள் உண்டு. போட்ட பிளானைத் தொலைக்கச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. தொலைத்தவர்களைக் கேட்டாலும் தொழில் ரகசியத்தை மறைத்து, "கரண்ட் போயிருச்சுண்ணே" என்று முடித்துவிடுகிறார்கள்.

கரண்ட் பாவம். ஆடிக் காற்றில் கம்பி உரசி கண்ணிமைக்கும் நேரம் விளக்கு அணைவதால் மட்டும் ஒரு பிளான் அழிந்துவிடாது. 1982-ல் சந்தைக்கு வந்த மென்பொருள் ஆட்டோகேட். எத்தனையோ மின்வெட்டைப் பார்த்து, உங்கள் வேலையைக் காப்பாற்ற இரண்டு மூன்று இடங்களில் நகல் எடுத்து வைக்கப் பழகியிருக்கிறது. அத்தனையையும் ஒழிக்க மனித முயற்சி தேவை. அதற்கான வழிகள் இதோ.

வழி 1: கடிகாரத்தை நிறுத்துங்கள்

ஆட்டோகேடை நிறுவும்போதே, 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக நகல் எடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தே வருகிறது. நீங்கள் படத்தில் கை வைத்ததும் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். பெரிய லேஅவுட் என்றால் நகல் எடுக்கும் நேரத்தில் மவுஸ் ஒரு கணம் திணறும். இந்த அநியாயத்தைப் பொறுக்காதீர்கள். 'சேவ்டைம்' என்று தட்டி 0 கொடுங்கள், தொல்லை தீர்ந்தது. விவரம் தெரிந்த யாராவது வந்து அதை 5 என்று மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வழி 2: அல்லது, ஆட்டோசேவை முழுதாக நம்புங்கள்

நிறுத்த மனம் வராதவர்களுக்கு நேர் எதிரான வழி இது. "அதுதான் தானா சேவ் ஆகுதே, நான் எதுக்குக் கண்ட்ரோல் எஸ் அழுத்தணும்?" என்று நிம்மதியாக இருங்கள். அது எழுதுவது உங்கள் டிடபிள்யூஜி கோப்பில் அல்ல. டெம்ப் ஃபோல்டருக்குள் 'எஸ்வி டாலர்' என்ற வால் வைத்த வேறொரு கோப்பில். அசல் பிளான் காலையில் திறந்தபடியே இருக்கும்.

மாலையில் மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்கும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் 'நோ' அழுத்துங்கள். முறையாக மூடிய படத்துக்கு அவசர நகல் எதற்கு என்று மென்பொருளே எஸ்வி டாலரையும் அழித்துவிடும். கரண்ட் போயிருந்தாலாவது அந்த நகல் மிஞ்சியிருக்கும். ஒரே கிளிக்கில் இதைவிடச் சுத்தமான வேலையை எந்த மின்வெட்டாலும் செய்ய முடியாது.

வழி 3: கம்ப்யூட்டரைச் சுத்தமாக வைத்திருங்கள்

சிஸ்டம் திடீரென்று நின்றுவிட்டதா? மறுபடி போட்டதும் முதல் வேலையாக %டெம்ப்% என்று தட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்றால் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் இதுதான். உங்களைக் காப்பாற்ற வேண்டிய எஸ்வி டாலரும் அந்தக் கூட்டத்தோடு போய்விடும்.

அந்த ஃபோல்டர் இருக்கும் 'ஆப்டேட்டா' சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மனுக்குப் பூட்டிய கதவுக்கே பூஜை நடப்பதுபோல, இதையும் திறக்கக் கூடாது போலிருக்கிறது என்று கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். ஃபோல்டர் ஜன்னலின் 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் இது திறக்கும் என்பதும், எஸ்வி டாலருக்கு டிடபிள்யூஜி என்று வால் மாற்றினால் பிளான் வந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியவே கூடாது.

வழி 4: பிஏகே கோப்புகளைக் குப்பை என்று நினையுங்கள்

ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும், அதற்கு முந்தைய நிலையை அதே ஃபோல்டரில் பிஏகே என்ற வாலோடு மென்பொருள் வைத்துவிடும். இடத்தை அடைக்கிறது என்று வாரம் ஒருமுறை அழியுங்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் 'ஐசேவ்பேக்' தட்டி 0 கொடுத்துவிடலாம்.

பிஏகே ஒரே ஒரு படிதான் பின்னால் நிற்கும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வருவார். "தம்பி, மனையடி பார்த்தோம். பன்னெண்டடி ரூம் ஆகாதாம். பதினொண்ணு ஆக்கிரு." சுவரை நகர்த்தி, அதே பெயரில் சேவ் செய்யுங்கள். பழைய பிளான் இப்போது பிஏகேயில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து, கதவைச் சற்றுத் தள்ளி, இன்னொரு சேவ். முடிந்தது, பிஏகேயிலும் பதினோரடிதான். மறுநாள் போன் வரும். "மச்சான் வேண்டாங்கிறாருப்பா. பழைய பிளானே இருக்கட்டும்." இனி முதலிலிருந்து போட வேண்டியதுதான். மாற்றத்துக்கு ஒரு தேதி போட்டு 'சேவ் ஆஸ்' கொடுக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்காது.

பிஏகேயை மீட்க யாராவது முயன்றாலும் கவலை வேண்டாம். விண்டோஸ் பெரும்பாலும் கோப்புகளின் வாலை மறைத்தே காட்டும். அதைத் தெரியவைக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் 'வீடு.டிடபிள்யூஜி.பிஏகே' என்றுதான் ஆகும். ஆட்டோகேட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

வழி 5: யுபிஎஸ் பீப் அடித்தால் வேகமாக வரையுங்கள்

பேப்பரில் முன்கூட்டியே போட்டுவிட்டு வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் பிளான் தொலைவது கடினம். சொல்லாமல் வருவதுதான் நமக்கு உதவும். பீப் சத்தம், சேவ் செய்து சிஸ்டத்தை அணைக்கக் கொடுத்த அவகாசம். அதை வீணாக்காமல் மாடிப்படியை முடித்துவிடப் பாருங்கள். பேட்டரி வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. பீப் கூட வராது.

வழி 6: மீட்பு ஜன்னலை மூடிவிடுங்கள்

சிஸ்டம் நின்றபின் ஆட்டோகேடை மறுபடி திறந்தால் இடப்பக்கம் 'டிராயிங் ரெக்கவரி மேனேஜர்' எட்டிப்பார்க்கும். அசல், பிஏகே, எஸ்வி டாலர் என்று கைவசம் உள்ளதையெல்லாம் நேரத்தோடு வரிசையாகக் காட்டும். எதையும் படிக்காமல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துங்கள். 'டிராயிங்ரெக்கவரி' என்று தட்டினால் அது திரும்ப வரும், பழுதான கோப்பை 'ரெக்கவர்' கட்டளை சரிசெய்து பார்க்கும் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வழி 7: காப்பியையும் அதே டிஸ்கில் வையுங்கள்

சி டிரைவில் இருப்பதை டி டிரைவுக்கு காப்பி செய்துவிட்டு, பேக்கப் எடுத்தாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்க்தான். போனால் சேர்ந்தே போகும். பென் டிரைவிலேயே நேரடியாக வேலை செய்து, பாதியில் உருவுவதும் நல்ல பலன் தரும்.

இத்தனையும் படித்த பிறகும் பிளான் தொலைய வேண்டாம் என்று நினைக்கும் பிழைக்கத் தெரியாதவர்களுக்குக் கடைசியாக நான்கு வரி. சேவ்டைமை 5 ஆக்குங்கள். ஐசேவ்பேக் 1 ஆக இருக்கட்டும். ஆப்ஷன்ஸில் 'ஃபைல்ஸ்' பகுதிக்குப் போய், ஆட்டோசேவ் விழும் இடத்தை டெம்ப்பிலிருந்து உங்களுக்குத் தெரிந்த ஃபோல்டருக்கு மாற்றுங்கள். கடை சாத்தும்முன் அன்றைய கோப்பை உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பிவையுங்கள். ஆட்டோசேவ் விபத்துக்குத்தான் உதவும், பழக்கத்துக்கு ஈடாகாது. ஆகவே முதலில் ஒரு கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.