வட்டியைத் தின்று வெளிநாட்டில் வாழலாமா?

கே: என்னிடம் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது. வங்கியில் போட்டுவிட்டு, வரும் வட்டியில் தாய்லாந்தில் காலம் தள்ளலாமா? (ஓய்வுபெற்ற தாசில்தார், திருநெல்வேலி)

ப: ஓய்வுக்கால விசாவுக்குத் தாய்லாந்து 50 வயது கேட்கிறது. அதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. அடுத்து, மாத வருமானம் 65,000 பாட் காட்ட வேண்டும். இல்லையென்றால் வங்கியில் 8 லட்சம் பாட் போட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். ஆக, மாதம் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. உங்கள் கோடியோ 7 சதவீதத்தில் மாதம் 58,000 சொச்சம்தான் ஈனும். எனவே 8 லட்சம் பாட்தான் உங்களுக்கு வழி. கோடியில் 20 லட்சத்துக்கு மேல் அங்கே போய் உட்கார்ந்துவிடும். மிச்சத்துக்குத்தான் இங்கே வட்டி. விசாவை ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். 90 நாளுக்கொரு தரம் ‘இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு உங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்கள் கேள்விப்பட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவார்கள்.

கே: அங்கே போன பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாமா? படிவம் 15எச் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள் அல்லவா? (ஒரு வாசகர், மதுரை)

ப: அந்தத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாகச் சேர முடியாது. 15எச் படிவமும் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்தான். குடிபெயர்ந்ததும் உங்கள் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற வேண்டும். அதன் வட்டியில் 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 7 லட்சம் வட்டி என்றால் பிடித்தம் 2,18,400 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு 2025-26 புதிய வரி முறையில் உண்மையான வரி 15,600 ரூபாய்தான்! ரிட்டர்ன் தாக்கல் செய்தால் மீதி திரும்பி வரும். அதுவரை வீட்டு வாடகைக்கு வேறு பணம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: என் கணவர் வட்டி விகிதத்தை மட்டுமே பார்க்கிறார். நான் எதைப் பார்ப்பது? (இல்லத்தரசி, சென்னை)

ப: ரூபாயைப் பாருங்கள் அம்மா. 2011 நடுவில் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். மாதம் 45,000 வட்டி வாங்கியவருக்கு அன்று அது ஆயிரம் டாலர். 2024 முடிவில் டாலர் 85 ரூபாயைத் தாண்டியது. அதே 45,000-க்கு 530 டாலர்கூடத் தேறாது. வங்கி ஏமாற்றவில்லை, ஒரு பைசா குறைக்கவும் இல்லை. பாஸ்புக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும், கறிகாய்க் கடையில்தான் இடிக்கும். எனவே வரும் வட்டி முழுவதையும் செலவழிக்காமல், ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அது எவ்வளவு என்று கணவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் டிக்கெட் எடுக்க விடாதீர்கள்.

கே: வட்டியை நம்பிக் கடல் கடந்த தமிழர் உண்டா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

ப: காரைக்குடியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! நகரத்தார் பர்மாவில் வட்டிக்கு விட்டார்கள். ஊரில் மாளிகை கட்டினார்கள். 1930-களில் அரிசி விலை சரிந்ததும் கடன்காரர்களின் வயல்கள் இவர்கள் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள்; பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயமாக்கல் வந்தது. வயலும் போயிற்று. அவர்கள் வட்டியை அங்கே வாங்கி வீட்டை இங்கே கட்டினார்கள். நம் தாசில்தார் வட்டியை இங்கே வாங்கி வாடகையை அங்கே கட்டப் பார்க்கிறார்.

கே: ரூபாய் சரிந்தாலும் கவலைப்பட வேண்டாத வெளிநாடு ஏதும் இல்லையா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

ப: இருக்கிறது, நேபாளம். 1993 முதல் நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய். இந்த விகிதம் அசையவே இல்லை. விசாவும் வேண்டாம். போக்ராவில் ஏரியோரம் வீடு பிடித்து, ஜன்னலைத் திறந்தால் அன்னபூர்ணா. என்ன, ‘ஃபாரினில் செட்டிலாகிவிட்டேன்’ என்றால் மைத்துனர் நம்ப மாட்டார்.

கே: மனைவி வர மறுக்கிறார். நான் மட்டும் போகலாமா? (மீண்டும் அதே தாசில்தார்)

ப: தாராளமாக. அதற்கு முன் அந்த டெபாசிட் ரசீதில் முதல் பெயர் யாருடையது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.