தேதி குறிப்பிடாமல்

2020 கொரோனா ஊரடங்கை முதலில் 21 நாள் என்றார்கள். மகாபாரதப் போரே 18 நாளில் முடிந்தது என்று பிரதமர் கணக்குச் சொல்ல, மூன்று நாள்தானே கூட என்று பருப்பும் புளியும் வாங்கி வைத்தோம். பிறகு மே 3, மே 17, மே 31.

மனநல ஆலோசனைக்கு மட்டும் குறைவே இல்லை. ‘செய்தி பார்ப்பதைக் குறையுங்கள்’ என்று மருத்துவர் சொன்னதும் செய்திச் சேனலில்தான். மூச்சை மெல்ல இழுக்கச் சொன்ன அவர் கழுத்துக்குக் கீழே மாவட்டவாரியாகத் தொற்றுக் கணக்கு ஓடியது. செங்கல்பட்டில் இழுத்த மூச்சைத் திருவள்ளூர் தாண்டித்தான் விட முடிந்தது.

நாளை என்ன என்று தெரியாமல் வாழ்வதில் தேறியவர்கள் இரண்டே தரப்பினர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச் 27 தேர்வு ஜூன் 1-க்குப் போய், ஜூன் 15-க்கும் போய், ஜூன் 9 அன்று எல்லாரும் பாஸ். படித்த பிள்ளைதான் பாவம், முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் விழித்தது. அடுத்து டாஸ்மாக் வாடிக்கையாளர்கள். மே 7 கடை திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. டோக்கனோடு வெயிலில் வட்டத்துக்குள் நின்ற அந்தப் பொறுமையை எந்தத் தியான வகுப்பும் தராது. சென்னைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆகஸ்ட் 18 வரை கபசுரக் குடிநீரிலேயே மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.