பெடலுக்குப் பெயிண்ட் அடிக்கிற பேரனுக்கு

வா கண்ணு, உக்காரு. கிட்டார் பெடலுக்கு நிறம் மாத்தப் போறயாமா? உங்கம்மா சொல்லுச்சு. ரொம்ப நல்ல காரியம். வாசிச்சுப் பழகறதவிட இது சுளுவு. பழகினா விரல் காச்சுப்போகும், பெயிண்ட்டுன்னா மூக்கு எரியறதோட சரி. கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைல ஸ்ப்ரே கன் புடிச்ச கை இது, அதனால அப்புச்சி சொல்றதையும் சித்தக் காதுல போட்டுக்க.

உன்ற கிட்ட இருக்கறது ஆரஞ்சு டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் தானே? பாஸ் கம்பெனிக்காரன் 1978ல விட்டது, இன்னிக்கும் அதே நிறத்துலதான் விக்கறான். டியூப் ஸ்க்ரீமர் பெடல்னா பச்சை. வேற பெயிண்ட் டப்பா வாங்க அவங்களுக்கு வக்கில்லைன்னா நெனச்ச? இருட்டு மேடைல குனிஞ்சு பாக்கறவனுக்கு நிறந்தான் பேரு. நீ எல்லாத்தையும் கறுப்பா அடிச்சு வெச்சுக்க. மெதுவா வாசிக்கற எடத்துல டிஸ்டார்ஷனை மிதிச்சுப்போட்டு முழிச்சயின்னா, புது பாணின்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்.

பெயிண்ட்டுல ஒன்னுமில்லைன்னு நான் சொல்லமாட்டேன் சாமி. அமெரிக்காவுல பில் ஃபினகன்னு ஒருத்தர் 1994லருந்து குளோன் சென்டார்னு ஒரு பெடல் செஞ்சாரு. தங்க நிறப் பொட்டி, மேல பாதி மனுசன் பாதி குதிரை. உள்ள சர்க்யூட்டு மேல எபாக்ஸியை ஊத்தி மூடிப்போட்டாரு, எவனும் பாத்துக் காப்பியடிக்கக் கூடாதுன்னு. அந்தப் பழைய பெடல் இன்னிக்குப் பல ஆயிரம் டாலருக்குப் போகுது. போட்டோவை மட்டும் காட்டி, பொண்ணைக் காட்டாத தரகர் மாதிரி! மின்னியாபொலிஸ்ல இசட்வெக்ஸ்னு ஒரு கம்பெனி, ஃபஸ் ஃபேக்டரிங்கற பெடலைக் கையால வரைஞ்சு விக்குது. அதே சர்க்யூட்டை அச்சடிச்ச பொட்டில போட்டு வெலை கொறைச்சும் விக்குது. காதுக்கு ரெண்டும் ஒன்னுதான், கண்ணுதான் கூடக் காசு குடுக்குது.

சரி, நீ விடமாட்ட. மொதல்ல அந்த ஆரஞ்சுப் பொட்டில கை வெக்காத. நாளைக்கு வித்தயின்னா, வாங்கறவன் கம்பெனி பெயிண்ட் இருக்குதான்னுதான் பாப்பான். ஹம்மண்ட் 1590பி அலுமினியப் பொட்டில, கையில செஞ்ச பெடல் ஒன்னு வெச்சிருக்கயே, அதை எடு. குமிழு, ஜாக்கு, மிதி சுவிட்சு, எல்இடி எல்லாத்தையும் கழட்டு. எந்த வொயர் எங்க போகுதுன்னு போன்ல படம் புடிச்சு வெக்காத, உனக்குத்தான் ஞாபகசக்தி அமோகமாச்சே!

பழைய பெயிண்ட்டை ரிமூவர் போட்டு உரி. 220 நம்பர் எமரி, அப்புறம் 400. கை எண்ணெய் படாம தின்னர்ல தொடைச்சு எட்ச் பிரைமர் அடி. அலுமினியத்துல பெயிண்ட் லேசுல ஒட்டாது. பிரைமர் தண்டச் செலவுன்னு விட்டயின்னா, பூட்ஸ் பட்ட எடமெல்லாம் செதிலாக் கெளம்பும். அப்ப வேணும்னே பழசாக்கின ‘ரெலிக்’குன்னு பேரு வெச்சு ரெண்டு மடங்கு வெலை சொல்லு. கலரு மெல்லிசா மூணு நாலு கோட்டு. ஒரே கோட்டுல தீத்துப்போடணும்னு பறந்தா வழிஞ்சு நிக்கும்.

பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாலயே உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டிப்போடு. ஜாக்கோட உலோகம் பொட்டியோட வெறும் உலோகத்தைத் தொட்டாத்தான் பொட்டி எர்த்து ஆகும், வெளி இரைச்சல் உள்ள வராம மறிக்கும். அழகா இருக்கட்டும்னு உள்ளயும் அடிச்சயின்னா, தொட்டு வாசிக்கறதுக்கு முன்னாலயே ‘கொர்ர்’ருன்னு கச்சேரி ஆரம்பிச்சுரும்.

பவுடர் கோட்டிங் வேணும்னா பட்டறைல குடு. ஏறக்கொறைய 200 டிகிரில சுடுவாங்க, அதனால உள்ள ஒரு வொயர்கூட இருக்கக் கூடாது. காசு மிச்சம்னு உங்கம்மா கேக் சுடற அவன்ல வெச்சயின்னா, அப்புறம் சோத்துக்கு என்ற வூட்டுக்கு வராத.

கடைசியா கிளியர் கோட்டு அடிச்சா ஒரு வாரம் ஆறப் போடு. காஞ்சுதான்னு கட்டைவிரல்ல அமுக்கிப் பாக்காத, ரேகை பதிஞ்சு போகும். அந்த ஒரு வாரமும் பெடல் இல்லாம வெறும் கிட்டாரை வாசி. டிஸ்டார்ஷன் மறைச்சு வெச்ச தப்பெல்லாம் ஒன்னொன்னா வெளிய வரும். தாங்கமாட்டாம இன்னும் ரெண்டு பெடலைத் தூக்கிட்டு எங்கிட்ட வருவ, பெயிண்ட் அடிக்கறதுக்கு. கூலி அப்பப் பேசிக்கலாம்.