கார்க்கோடகன் கடிக்காத நாயகர்கள்

பொன்முடிக்கு ஏறுகிற 22 கொண்டை ஊசி வளைவுகளும் கல்லாற்றைத் தாண்டித்தான் தொடங்குகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டம். அகத்தியமலை முகட்டுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை. இங்கே குடியிருக்கும் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. இரண்டு பக்கத்துப் படங்களையும் அந்தந்த மொழியிலேயே பார்த்துவிடலாம் என்பது வசதி. இரண்டு பக்கத்து ரசிகர்களின் புலம்பலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது தொல்லை. இந்தப் பக்கத்தார் மணிச்சித்திரத்தாழின் மோகன்லாலை நினைத்து 'டாக்டர் சன்னி மாதிரி வருமா' என்பார்கள். அந்தப் பக்கத்தார் 'தலைவர் இல்லாத சந்திரமுகியும் ஒரு சந்திரமுகியா' என்பார்கள். இதற்கு நடுவில் வீடியோ கேம் ஆடும் தலைமுறை வேறு, 'இரண்டாம் பாகத்தில் எங்கள் ஹீரோவைத் தூக்கிவிட்டு யாரோ ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள்' என்று வீட்டில் இழவு விழுந்ததுபோல உட்கார்ந்திருக்கிறது. மூன்று கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூவருக்கும் ஒரே நோய்தான். அது நாயகன் மேல் உள்ள அதீத அன்பு என்று எல்லோரும் சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரசிகன் ஆள் மாறியதற்காக அழுவதில்லை. ஆள் மாறியதை முறையாகச் சொல்லாமல், பழையவரின் சட்டையைப் புதியவருக்கு மாட்டி, 'இவர்தான் அவர், கைதட்டு' என்று மிரட்டுவதற்காகத்தான் அழுகிறான்.

நம் ஊரில் ஆள் மாற்றம் புதிதே அல்ல. உண்ணாயி வாரியரின் நளசரிதம் கதகளியில் நான்கு நாள் ஆட்டம். மூன்றாம் நாள் காட்டில் அலையும் நளனை ஒருவர் ஆடுவார். கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்ததும் நளன் உருமாறி வாகுகன் ஆகிறான். பெரும்பாலும் அந்த வாகுகனை ஆடுபவர் வேறொரு நடிகர். வேடம் வேறு, அலங்காரம் வேறு, ஆளும் வேறு. விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவர்கூட 'எங்கள் நளன் எங்கே' என்று எழுந்து கத்தியதாகக் கேள்வியில்லை. காரணம் எளிது. எல்லோர் கண்ணெதிரிலும் பாம்பு கடித்தது. கடித்த பாம்பும் எதற்காகக் கடித்தேன் என்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போனது. நளவெண்பா படித்த தமிழனுக்கும் இது தெரிந்த கதைதான். (ஒரு சின்ன விஷயம்: மூலிகை விஷ வைத்தியத்துக்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா கல்லாற்றுக்காரர். நளன் கடிபட்ட கையோடு இந்தப் பக்கம் ஓடிவந்திருந்தால் வாகுகனுக்கு வேலையே இருந்திருக்காது. கதகளிக்கு ஒரு நல்ல வேடம் போயிருக்கும்.) ஆகவே என் கட்சி இதுதான்: இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் ஒரு கார்க்கோடகன் வேண்டும். அது கூட்டத்தின் முன்னால் கடிக்க வேண்டும். கடிபட்டு வருகிறவனுக்கு, வாகுகனுக்கு இருந்ததுபோல, தேரோட்டவோ சமைக்கவோ சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும்.

வீடியோ கேம் உலகத்தின் பெரும் துரோகமாக இன்றும் பேசப்படுவது 2001-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 2'. முதல் பாகத்தின் நாயகன் சாலிட் ஸ்னேக், தாடி, புகை, நெற்றிப்பட்டை எல்லாம் பொருந்திய முரட்டு ஆசாமி. வெளியீட்டுக்கு முந்தைய டிரெய்லர்களில் அவர்தான் கப்பல் முழுக்கச் சண்டை போட்டார். காசு கொடுத்து வாங்கி ஆடினால், முதல் அத்தியாயம் முடிந்ததும் கதை இரண்டு வருடம் தாண்டுகிறது. முகமூடி போட்ட ஒருவன் வருகிறான். அவனையும் 'ஸ்னேக்' என்றே கூப்பிடுகிறார்கள். சற்று நேரத்தில் தலைமையிடத்திலிருந்து பெயரை மாற்றி 'இனி நீ ரெய்டன்' என்கிறார்கள். லிஃப்டில் ஏறி முகமூடியைக் கழற்றினால் வெளுத்த தலைமுடியோடு பிஞ்சு முகம். போகட்டும், சமாளிக்கலாம் என்று ஆட்டத்தைச் சேவ் செய்யப் போனால், அங்கே அவனுடைய காதலி ரோஸ் வந்து 'நாளைக்கு என்ன நாள் என்று ஞாபகம் இருக்கிறதா' என்று பிடித்துக்கொள்கிறாள். உலகத்தைக் காப்பாற்றப் போன இடத்தில் இந்த விசாரணை. இன்னொரு கட்டத்தில் பையன் பிறந்த மேனிக்கு ஓடுகிறான். கையால் மானத்தைக் காத்துக்கொண்டே ஓடுகிறான் என்பது வேறு விஷயம். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. பொறுக்க முடியாதது, பழைய ஸ்னேக் அதே கட்டடத்தில் பிளிஸ்கின் என்று பொய்ப்பெயர் சொல்லிக்கொண்டு சுற்றுவதுதான். கூடச் சேர்ந்து சுடும்போது தன் நெற்றிப்பட்டையைத் தொட்டுக் காட்டி, தனக்குக் குண்டுக்கே பஞ்சமில்லை என்கிறார். நேற்றுவரை அந்த நெற்றிப்பட்டை நம் தலையில் இருந்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். 'படைப்பாளி ஹிடியோ கோஜிமா வேண்டுமென்றே செய்தது அது. பழைய வீரனைப் புதியவன் கண்ணால் வெளியிலிருந்து பார்க்கவைத்தார். கலை ஐயா, கலை!' கலைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வாதத்துக்குச் சாட்சி சொல்வது அடுத்து நடந்தது. 2004-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நீங்கள் ஆடும் 'ஸ்னேக்' பழைய சாலிட் ஸ்னேக்கே அல்ல. அவருக்கு மூலமான வேறொரு ஆள். கதையும் 1964-ல் நடக்கிறது. அதே முகம், அதே குரல், அதே பட்டை இருந்ததால் ரசிகர்கள் குறை சொல்லவில்லை. 'பார்த்தீர்களா, முகத்தைத்தான் கேட்கிறார்கள்' என்று நீங்கள் சொல்லலாம். அவசரப்படாதீர்கள். 2008-ல் நான்காம் பாகத்தில் அதே ரெய்டன் இயந்திர உடம்போடு, கையில் வாளோடு வந்து எந்திரங்களை வெட்டிச் சாய்க்கிறான். ஏழு வருடம் திட்டித் தீர்த்த அதே வாய்கள் விசிலடித்தன. 2013-ல் அவனுக்கென்று தனி ஆட்டமே வந்தது. பையன் மாறவில்லை. ஸ்னேக் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவரை ஆகாதவன். தன் வேலையைத் தான் பார்த்தபோது வீரன். இதைவிடத் தெளிவான சாட்சி கோர்ட்டிலும் கிடைக்காது.

எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, மறைப்பானேன். 2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம், முதல் பாக நாயகன் ஜோயலைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டு, கொன்ற ஆப்பியையே ஆட்டத்தின் ஏறக்குறையப் பாதிக்கு நம் கையில் கொடுத்தது. கார்க்கோடகன் பட்டப்பகலில்தான் கடித்தது. காரணமும் விரிவாகவே சொல்லப்பட்டது. அப்படியும் ஆப்பிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலைமிரட்டல் வரைக்கும் போனார்கள். அதை நியாயப்படுத்த எந்த வாதமும் உதவாது. ஆனால் சாதாரண ரசிகனின் கசப்புக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, டிரெய்லரில் கதையின் பின்பகுதிக் காட்சியொன்றில் ஜோயல் வருவதுபோலவே காட்டியிருந்தார்கள். ஆட்டத்தில் அந்த இடத்தில் நின்றவர் வேறொருவர். இரண்டு, கடிபட்டவன் போய் இன்னொருவன் வருவது நமக்குப் பழக்கம். இங்கே பாம்பையே நாயகனாக்கி, 'கொஞ்சம் இதன் கண்ணாலும் பார்' என்றார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தாங்க அசாத்தியப் பொறுமை வேண்டும். திட்டிக்கொண்டே வாங்கினார்கள் என்பதும் உண்மை: வெளியான மூன்று நாளில் 40 லட்சத்துக்கு மேல் விற்றதாக சோனி அறிவித்தது.

அதே ரசிகர்கள் ஜி.டி.ஏ. தொடரில் எவ்வளவு சாதுவாக நடந்துகொண்டார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'வைஸ் சிட்டி' இல்லாத பிரவுசிங் சென்டரே இல்லை என்றிருந்த காலம் திருவனந்தபுரத்திலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு. பூப்போட்ட சட்டையோடு டாமி வெர்செட்டி நடுத்தெருவில் நிற்க, விசைப்பலகையில் 'பான்சர்' என்று தட்டினால் டாங்கி வந்து விழும். ஆங்கிலப் பரீட்சையில் தடுமாறியவர்களும் அந்த எழுத்துக்கூட்டலில் மட்டும் பிழை விட்டதில்லை. 2004-ல் 'சான் ஆண்ட்ரியாஸ்' வந்தபோது டாமி இல்லை, சி.ஜே. என்ற புதியவன் வந்தான். எவரும் தீக்குளிக்கவில்லை. அந்தத் தொடர் ஊரையும் ஆளையும் மாற்றிக்கொண்டே போகும் என்பது முதலிலேயே போட்ட ஒப்பந்தம். சி.ஜே.க்கும் சொந்தமாகத் தெரு, குடும்பம், பகை எல்லாம் இருந்தன. டாமியின் சட்டையை அவனுக்குப் போட்டுவிடவில்லை.

இப்போது நம் வீட்டுப் பேய்க்கு வருவோம். கேம்காரர்கள் தவமிருந்தாலும் கிடைக்காத ஒரு பரிசோதனை நமக்குத் தானாகவே நடந்து முடிந்திருக்கிறது. 1993-ல் மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்ற ஒரே மரம். அதிலிருந்து 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', 2005-ல் தமிழில் 'சந்திரமுகி', 2007-ல் இந்தியில் 'பூல் புலையா'. ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டாவது பேய் வந்தது. நாயகன் மாறாமல் ஓடியது ஒன்று: விஷ்ணுவர்தன் இறந்த பிறகு 2010-ல் வெளியான 'ஆப்தரக்ஷகா'. நாயகன் மாறாமல் படுத்தது ஒன்று: 2013-ல் மோகன்லால் மறுபடியும் டாக்டர் சன்னியாகவே வந்த 'கீதாஞ்சலி'. நாயகன் மாறி ஓடியது ஒன்று: 2022-ல் அக்ஷய் குமார் போய் கார்த்திக் ஆர்யன் வந்த 'பூல் புலையா 2'. நாயகன் மாறிப் படுத்தது ஒன்று: 2023-ல் ரஜினி போய் ராகவா லாரன்ஸ் வந்த 'சந்திரமுகி 2'. தெலுங்கில் ரஜினி படமே டப்பிங்கில் ஓடியிருக்க, 2010-ல் வெங்கடேஷை வைத்து 'நாகவல்லி' எடுத்ததையும் சேர்த்தால் படுத்த கணக்கில் இன்னொன்று கூடும். இதில் ஐந்து படங்களை இயக்கியவர் பி. வாசு. ஒரே வீட்டில் ஐந்து முறை பேயோட்டியும் பேய் போகவில்லை என்றால், குறை பேயிடம் இல்லை.

ஆக, பழைய நாயகன் இருந்தால் ஓடும் என்ற கணக்கு கீதாஞ்சலியிலேயே அடிபட்டுப் போகிறது. சன்னி டாக்டரே நேரில் வந்தும் இந்தப் பக்கத்து மக்கள் மசியவில்லை. மாறினால் படுக்கும் என்பதை பூல் புலையா 2 பொய்யாக்குகிறது. அதில் கார்த்திக் ஆர்யன் மனோதத்துவ டாக்டராக வரவில்லை. பேயோட்டத் தெரியாத போலி மந்திரவாதி ரூஹான். உண்மையான பேயைப் பார்த்தால் முதலில் ஓடுகிறவன் அவனே. அக்ஷய் குமார் செய்த எதையும் அவன் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சந்திரமுகி 2-ல் நடந்தது நேர்மாறு. லாரன்ஸின் பாண்டியன் அதே வீட்டுக்குள் வருகிறார். பழைய முருகேசனாகவே நிற்கும் வடிவேலுவோடு ரஜினி விட்டுப்போன இடத்திலேயே சேர்ந்து பயப்படுகிறார். போதாததற்கு வேட்டையன் வேடத்தையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். பாவம், மனிதர் வெளியீட்டுக்கு முன் ரஜினியை நேரில் போய்ப் பார்த்து காலில் விழுந்து ஆசி வாங்கினார். முறை தெரிந்தவர். ஆனால் அந்த ஆசி போயஸ் தோட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு ஈடான கனம் திரைக்குள் எங்கும் விழவில்லை. இத்தனைக்கும் 'காஞ்சனா' தொடரில் சொந்தப் பேயை வைத்துச் சொந்த ராஜ்ஜியம் நடத்துகிறவர் அவர். அந்தக் காஞ்சனாவை 2020-ல் இந்தியில் அவரே இயக்கியபோது அவர் இடத்தில் நடித்தவர் யார் என்றால், அக்ஷய் குமார். இந்த நாற்காலி விளையாட்டில் யார் யாரைத் தூக்கினார்கள் என்று கணக்கெழுத ஒரு தனி தாசில்தார் வேண்டும்.

'கதை சரியில்லை, படம் படுத்தது. இதற்குப் போய் நளன் வரை இழுப்பதா' என்பது அடுத்த ஆட்சேபம். பூல் புலையா 2-ன் கதை அப்படியொன்றும் காவியமல்ல. தவிர, கதை சரியில்லை என்று நாம் சொல்வது பல நேரம், இந்த ஆளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று புரியவில்லை என்பதைத்தான். மூலப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிச்சித்திரத்தாழில் மோகன்லால் கிட்டத்தட்டப் பாதிப் படம்வரை வருவதே இல்லை. அதுவரை நகுலனான சுரேஷ் கோபிதான் நாயகன் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோம். உரிய கணக்கில் பார்த்தால் அதுவே ஒரு நாயக மாற்றம். நகுலனே தன் நண்பனை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறான், காரணத்தோடு. வந்தவர் கோமாளித்தனம் செய்கிறார், வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், நமக்கும் கொஞ்சம் சந்தேகம். பிறகு பேயோட்ட வந்த திலகன், அந்தப் பெரிய நம்பூதிரி, சன்னியை அடையாளம் கண்டு இவர் யார் தெரியுமா என்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்கிறார். மந்திரவாதியே மருத்துவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்! அந்த ஒரு காட்சியில் வீடு முழுக்க கை மாறிவிடுகிறது. தமிழில் ரஜினியை முதல் காட்சியிலேயே சண்டையோடும் பாட்டோடும் இறக்கிவிட்டதால் அந்தக் கைமாற்றமே நமக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கடன்தான் 18 வருடம் கழித்து வட்டியோடு லாரன்ஸ் தலையில் விழுந்தது.

தமிழ் ரசிகன் தனிமனித வழிபாட்டுக்காரன், அவனிடம் நியாயம் பேசாதே என்பவர்களுக்கு ஒரே பதில்: தமிழ் வீடுகளின் சீரியல் நேரம். அங்கே மாமியார் மாறுவார், மருமகள் மாறுவார், சில நேரம் கதாநாயகனே மாறுவான். திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். அடுப்படியிலிருந்து ஓர் உச் கொட்டல் கேட்கும், அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபோது, 'எதிர்நீச்சல்' தொடரில் அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன் வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ஒப்பிட்டார்கள், முணுமுணுத்தார்கள், துக்கமும்பட்டார்கள். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கோடிகள் கொட்டி எடுக்கும் படங்களுக்கும் கேம்களுக்கும் அந்த ஒற்றை வரியைப் போட மனம் வருவதில்லை. போட்டால் டிக்கெட் விற்காதே என்ற பயம்.

இதற்கிடையில் 2024-ல் 'பூல் புலையா 3'-ம் வந்துவிட்டது. கார்த்திக் ஆர்யன் மறுபடியும் ரூஹான் என்ற ரூஹ் பாபா; முதல் பாகத்தின் வித்யா பாலன் திரும்பி வந்திருக்கிறார், வந்தவன் வீட்டுக்குப் பழைய வீட்டுக்காரி விருந்தாளியாக. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் ஆதி நாயகன் கார்த்திக் ஆர்யன்தான். அதற்கு முன்னால் ஒரு டாக்டர் இருந்தார் என்றால் நம்ப மாட்டார்கள். நாலாம் பாகத்திலோ அஞ்சாம் பாகத்திலோ அவரையும் தூக்கிவிட்டு வேறொருவரைப் போடும் நாள் வரும். அன்று அந்தப் பிள்ளைகள் 'ரூஹ் பாபா மாதிரி வருமா' என்று தெருவில் இறங்குவார்கள். அக்ஷய் குமாருக்காக 2022-ல் அழுதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, நன்றாக வேண்டும் என்று வேடிக்கை பார்ப்பார்கள்.