தீட்டு என்கிற லீவு

எங்கள் திருப்பூர்ப் பக்கம் பண்டிகை எல்லாமே நோம்பிதான். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மனுக்குத் தீமிதிக்கும் குண்டமும் நோம்பி, ஐப்பசியில் தீபாவளியும் நோம்பி. 1994இல் தீபாவளி நோம்பிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் மகள் பிறந்தாள்.

பெருமாநல்லூரில் அம்மா வீட்டுக் கடைசி அறை. கயிற்றுக் கட்டில், சாம்பிராணிச் சட்டி, வாசப்படியில் ஒரு துருப்பிடித்த அரிவாள். காத்துக் கருப்பு அண்டாதாம். கருப்பு எப்படியோ, காத்து அண்டவில்லை. ஜன்னலில் சாக்குப் படுதா தொங்கியது.

முன்கட்டில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பூண்டு ரசச் சோறு. நோம்பியன்று விடிகாலையில் ஊரே ஒரு கோலிக்குண்டு அளவு தீபாவளி லேகியத்தைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தது. நான் அப்படி ஒன்றைத்தான் நாள் தவறாமல் தின்றுகொண்டிருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை எல்லாம் வறுத்து இடித்துச் சலித்து, பூண்டை வேகவைத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை அம்மா கிண்டிய மருந்து. கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். அம்மா கையை எடுக்கவில்லை.

தண்ணீர்தான் கிடைக்காது. கேட்டால் கால் டம்ளர் வெந்நீர் வரும். "வாய நனைச்சுக்க கண்ணு, போதும். மடக்கு மடக்குனு குடிச்சீன்னா வவுறு பானையாட்டம் நின்னுக்கும்." அந்தக் கால் டம்ளரின் பலனைக் கழிப்பறையில் அழுதபடி அனுபவித்தேன். பால் கொடுக்கிறவள் தாகத்துக்கு வேண்டிய மட்டும் குடிக்கணும் என்று வீட்டுக்கு வந்த கிராம நர்ஸம்மா சொன்னார். "சரிங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்ட அம்மா, அவர் தெருமுனை திரும்பியதும் சொம்பைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டாள்.

இதற்கெல்லாம் மேலே தீட்டு. அடுப்படிக்குப் போகக்கூடாது, சாமி மாடத்தின் பக்கம் தலைகாட்டக்கூடாது, நோம்பிச் சேலையைத் தொடக்கூடாது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் திண்ணையோடு சரி. "பதினாறு கழியட்டுங்க" என்று அம்மா கையைக் காட்டிவிடுவாள். என் மாமியாரே வாசப்படிக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. "இது ஜெயில்" என்று ஒரு பழைய டயரியில் எழுதி வைத்தேன். அந்த ஜெயிலில் மூன்று வேளையும் சோறு வந்தது, பிள்ளை தூங்கினால் நானும் தூங்கினேன், திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து என் மருந்துக்குப் பூண்டு உரித்தார்கள் என்பதையெல்லாம் ஏனோ எழுதவில்லை.

எல்லாருக்கும் இந்த ஜெயில் கிடைத்தது என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த தெரு பவர்டேபிள் தையல் கூடத்தில் ஓவர்லாக் அடித்த பெண்ணுக்கு அம்மா வீடு தேனிப் பக்கம். முப்பதாம் நாள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பீஸ் பண்டல், அதற்குப் பக்கத்தில் தொட்டில், தொட்டிலுக்குள் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய பிள்ளை. "தீட்டுப் பாத்தா நோம்பிச் செலவுக்கு என்னங்கக்கா பண்றது?" என்றாள். 1961ஆம் வருஷத்துச் சட்டம் 12 வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்திருந்தது. அவளோ பீஸ்ரேட், அவள் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

அந்த 12 வாரம் 2017இல் 26 வாரம் ஆனது. 2023இல் என் மகள் அதைக் குறைவில்லாமல் வாங்கினாள். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பெரிய மனதோடு லீவு கொடுத்தார்கள். நாலாம் நாளே வாட்ஸப்பில் "ஒரே ஒரு டவுட்" வந்தது. கிறிஸ்துமஸ் சரக்கு எப்போதோ கப்பல் ஏறியாகிவிட்டது. இது அடுத்த சம்மர் ஆர்டர், கைக்குழந்தைச் சட்டை. மடியில் நிஜக் குழந்தை பால் குடிக்க, யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்கு லேப் டிப் என்கிற மாதிரிச் சாயத் துண்டின் கலர் சரியா என்று போனில் பார்த்துச் சொன்னாள்.

நவம்பர் 12, தீபாவளி. சிசேரியன் ஆகிப் பதினெட்டாம் நாள். போனஸ் போட்டு எல்லாக் கம்பெனியும் லீவு விட்டாயிற்று, சொந்தபந்தம் முழுக்கச் சும்மா இருந்தது. தீட்டுக் கீட்டு பார்க்காத வீடு இது என்று எனக்கும் உள்ளுக்குள் பெருமை. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து பிள்ளையைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். ஒரு நாத்தனார் ஆன்லைனில் வாங்கிய சட்டை கொண்டுவந்தாள், நெஞ்சில் ஆங்கிலத்தில் "மை ஃபர்ஸ்ட் தீபாவளி." உள்லேபிளில் திருப்பூர் முகவரி. மகளின் தோழிகள் செல்ஃப் கேர் கூடை ஒன்று அனுப்பியிருந்தார்கள்: வாசனை மெழுகுவர்த்தி, குளியல் உப்பு, கண்ணுக்குக் கட்டிக்கொண்டு தூங்க ஒரு பட்டை. அதைக் கட்ட முதலில் இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் மூடக் கிடைக்க வேண்டுமே. குண்டம் இறங்கி வந்தவர்களைக்கூட அன்றைக்கே விருந்து உபசரிக்கச் சொல்வதில்லை. இவள் தையல் போட்ட வயிற்றோடு பட்டுச்சேலையில் நின்று சிரித்தாள். நானும் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

எல்லாரும் போனபிறகு பார்த்தால் அடுப்படியில் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். "போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டவள், அதற்குமேல் பேசாமல் அழுதாள்.

கட்டில் பக்கத்தில் அவளுடைய இரண்டு லிட்டர் பாட்டில். எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கோடு போட்டது. இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் காலை பத்து மணிக் கோட்டில் நின்றது. என் அம்மா கொடுத்ததே இதைவிடக் கொஞ்சம் கூடவாக இருக்கும்.

அம்மா கிண்டிய லேகியத்துக்கோ சர்க்கார் முத்திரையே கிடைத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் பெற்றவர்களுக்கென்று 2015இல் வந்த பரிசுப் பெட்டகத்தின் 16 பொருளில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. தீட்டுதான் ஒழிந்தது. அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதன் மடியில் முடிந்து வைத்திருந்த லீவையும் சேர்த்து வீசிவிட்டோமே என்பதுதான்.

மறுநாள் காலையில் போன் வந்தது, பத்துப் பேர் கிளம்பி வருகிறார்களாம். "தீட்டுங்க" என்றேன்.

"பதினாறு கழிஞ்சிருச்சுங்களே?"

"சிசேரியனுக்கு நாப்பதுங்க."

எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மகளின் போனை அரிசி டின்னில் போட்டு மூடினேன். பாட்டிலை நிறைத்து அவள் கை எட்டும் இடத்தில் வைத்தேன். மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

அடுத்த நோம்பிக்கு எந்த வீட்டுக்காவது பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சட்டை வாங்க வேண்டாம். இந்த ஊரில் சட்டைக்கா பஞ்சம்? கால் கிலோ மலைப்பூண்டு கொண்டுபோங்கள், உரித்ததாக. திண்ணையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.