அரிசாகா கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிச் சந்தை கூடுகிற ஊர்களில் இவரைப் பார்க்கலாம். கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் சின்ன டார்ச், கையில் ஓரம் நைந்த நோட்டு. போர்க்கால ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். துப்பாக்கிப் பிரியர் என்றதும் மீசை முறுக்கிய முரட்டு ஆசாமியை நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இவர் பிறவிக் கணக்குப்பிள்ளை. துப்பாக்கி ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆதாரம் பெயரிலேயே தொடங்குகிறது. 38ஆம் வகை அரிசாகா ரைஃபிள் என்றால் மெய்ஜி 38ஆம் ஆண்டு, அதாவது 1905. 14ஆம் வகைக் கைத்துப்பாக்கி தைஷோ 14, அதாவது 1925. 99ஆம் வகையோ அரசரின் ஆண்டை விட்டுவிட்டு, பேரரசு தோன்றியதாகச் சொல்லப்படும் நாளிலிருந்து எண்ணிய 2599இன் வால். நம் கணக்கில் 1939. மற்றவர்களுக்குத் தலை சுற்றும் இடத்தில் இவருக்குப் பசி எடுக்கிறது.

குறி பார்க்கவோ விசையைத் தொடவோ மாட்டார். முதலில் போல்ட்டைக் கழற்றி, கைப்பிடியின் அடியில் பொறித்த இலக்கங்களைப் பார்ப்பார். பிறகு துப்பாக்கியின் எண். பிறகு போல்ட்டை மூடும் தூசிமூடியின் எண். எல்லாம் ஒத்துப்போனால் ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடிய வீட்டார்போல முகம் மலரும். ஜப்பான் சரணடைந்தபோது குவித்துப் போட்ட துப்பாக்கிகளில் போல்ட் மாறிப்போனது சகஜம். நடக்கும்போது தூசிமூடி கடகடத்ததால் சிப்பாய்களே அதைத் தூக்கி எறிந்தார்கள் என்பார்கள். ஆகவே முழுப்பொருத்தம் அபூர்வம். அடுத்தது மேலே பொறித்த சாமந்திப்பூ, பேரரசரின் 16 இதழ் முத்திரை. 1945இல் ஆயுதங்களை ஒப்படைக்கும் முன் ஏராளமானவற்றில் இதைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். பூ பிழைத்திருந்தால் விலை ஏறும். ஆனாலும் இதழ்களை எண்ணிப் பார்க்காமல் பணப்பை திறக்காது.

துப்பாக்கி நன்றாக இருப்பதுதானே மதிப்பு என்று யாராவது மடக்கலாம். இங்கேதான் இவருடைய கோளாறு வெளியே வருகிறது. தொடக்கக்கால 99ஆம் வகையில் குழலின் கீழே மடங்கும் கம்பித்தாங்கி, உள்ளே குரோம் பூச்சு, விமானத்தைச் சுடக் குறிகாட்டியில் விரியும் இறக்கைகள். (பறக்கிற விமானத்தை ரைஃபிளால் வீழ்த்திவிடலாம் என்று நினைத்தவரின் தெம்பைப் பாராட்டத்தான் வேண்டும்.) போர் முடியும் தறுவாயில் செய்தவற்றில் இவை ஒன்றும் இல்லை. கட்டையின் அடியில் இரும்புத் தகட்டுக்குப் பதில் ஆணியடித்த மரத்துண்டு, ஏற்றி இறக்க முடியாத குறிகாட்டி, கரடுமுரடான போல்ட் குமிழ், கட்டையின் மேலே இழைப்புளியின் கோடு. இந்த அவலட்சணத்துக்கும் இவர் அதே ஆசையோடு கை நீட்டுகிறார். எஃகும் நேரமும் தீர்ந்துபோன ஒரு நாட்டின் வரவுசெலவு அந்த மரத்துண்டில் அப்படியே கிடக்கிறது. அழகை ரசிப்பவருக்கு அது குப்பை, கணக்கு படிப்பவருக்குப் பொக்கிஷம்.

காசு ஆசைதானே என்பது இன்னொரு வாதம். காசுதான் குறியென்றால் ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கிப் பக்கம் போயிருப்பார். அரிசாகா வெகுகாலம் மலிவுச் சரக்கு. போரிலிருந்து கொண்டுவந்தவர்களே கட்டையை அறுத்து மான்வேட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படி அறுபட்ட ஒன்றைக் கண்டால் இவர் இழவுவீட்டு முகத்தோடு நகர்ந்துவிடுவார். கனமான ஆட்சேபம் வேறு. சீனாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஆட்களைக் கொன்ற பொருளைப் பூப்பூவாய் எண்ணிப் பார்ப்பது அருவருப்பில்லையா? கொஞ்சம் அருவருப்புத்தான். தேய்ந்த இதழுக்கு வருந்துகிறவர் மாண்டவனைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் 1945 ஆகஸ்டில் ஜப்பானிய ராணுவம் தன் காகிதங்களைக் குவியல் குவியலாக எரித்தது. எந்தத் தொழிற்சாலை எந்த வரிசையில் எவ்வளவு செய்தது என்பதில் பெரும்பங்கை இன்று சொல்வது, இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு துப்பாக்கியிலும் குனிந்து எழுதிய எண்களின் பட்டியல்கள்தான்.

உயிரையும் காப்பாற்றுகிறார் என்பதைச் சேர்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்புப் பயிற்சிக்கென்று செய்த போலித் துப்பாக்கிகள் தூரத்தில் அசல் போலவே இருக்கும். உள்ளே வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும் தாங்கும் மட்டமான வார்ப்பு. நிஜத் தோட்டா போட்டால் சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கலாம். புதிதாக வாங்க வந்த இளைஞனை இவர் கையைப் பிடித்துத் தடுப்பார். பையன் நன்றி சொல்லி நகர்ந்ததும், "இதில் இந்தத் தொழிற்சாலை முத்திரை நம்மிடம் இல்லையே" என்று விலையை விசாரிப்பார்.